மார்த்தாளுக்கு மட்டும் ஏன் பிரசங்கம்?

டிசம்பர் வந்துவிட்டால் நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் தாய்மாருக்கென்றே ஒரு செய்தி தயாராக இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் கேட்கலாம், சபைப் பத்திரிகையில் படிக்கலாம். இப்போது விடியுமுன்னே வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது. சாரம் இதுதான்: பண்டிகை வேலையில் பாலகனை மறந்துவிடாதீர்கள். மார்த்தாளைப்போல் அலையாமல் மரியாளைப்போல் அமருங்கள். வீடு விழிக்குமுன் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து ஜெபத்தில் உட்கார்ந்தால் இளைப்பாறுதல் நாள் முழுக்கக் கூட வரும். அது வெளியே இல்லை, உங்கள் உள்ளத்தில்தான் இருக்கிறது.

கேட்க இதமாகத்தான் இருக்கிறது. சொல்கிறவர்களின் நல்லெண்ணத்திலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செய்தி தவறு. சுமையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சுமக்கிறவளின் மனசைத் திருத்தப் பார்க்கிறது. உடம்புக் களைப்பை ஆவிக்குரிய குறையாக்கி, ஏற்கெனவே நீண்டு கிடக்கும் அவளுடைய வேலைப் பட்டியலில் 'இளைப்பாறுதல்' என்று இன்னொரு வேலையையும் எழுதி வைக்கிறது. வேதத்தை வைத்துச் சொல்லப்படும் செய்தி இது. வேதத்தை வைத்தே மறுக்கிறேன்.

அதற்கு முன், சுமை என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பண்டிகை வேலை' என்று ஒரே மூச்சில் கடந்துபோகிறவர்கள் ஒரு முந்திரிக்கொத்தின் பின்னால் இருப்பதைப் பார்த்ததில்லை. சிறுபயறைக் கருகாமல் வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்துத் திரிக்க வேண்டும். தேங்காய்ப்பூவைத் தனியே வறுக்க வேண்டும், எள்ளைத் தனியே வறுக்க வேண்டும். பாகு பதம் தப்பினால் எல்லாம் போச்சு. மாவில் பாகை ஊற்றிக் கிளறியதும் சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவந்து எரிந்தாலும் கையை எடுக்க முடியாது. பிறகு அரிசிமாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். அச்சுமுறுக்குக்கு அச்சு காய்ந்திருக்க வேண்டும், மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டக் கூடாது, ஒன்று ஒன்றாகத்தான் சுட முடியும். இடையில் எழுந்துபோய் ஜெபித்துவிட்டு வர அந்த அடுப்பு விடாது.

இதெல்லாம் அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதத்தில். வடகிழக்கு மழையில் மாவு காய வெயில் இல்லை, சீருடை காய இடமில்லை. வீடு வெள்ளையடிக்க வேண்டும், குடில் கட்ட வைக்கோல் தேட வேண்டும், தைக்கக் கொடுத்த துணிக்குத் தையற்கடைக்கு நடக்க வேண்டும். பஜனைக்காரர்கள் எந்தச் சாமத்தில் வருவார்கள் என்று தெரியாது. வந்தால் சுக்குக்காப்பி சூடாக இருக்க வேண்டும். 25ஆம் தேதி விடிகாலை ஆராதனைக்கு எல்லோருக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு கடைசி ஆளாகக் கோயிலுக்கு வருகிறவள் யார் என்று கேட்கத் தேவையில்லை. ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன்னே கறி வேக வேண்டுமே என்று முதல் ஆளாக வெளியேறுகிறவளும் அவள்தான். ஒரு வாரத்தில் வருட முடிவு ஆராதனை வந்துவிடும், மறுநாள் மறுபடியும் கறி.

இப்படிப்பட்டவளிடம்தான் மார்த்தாள் கதையைச் சொல்கிறார்கள்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் அந்தப் பகுதி வெறும் ஐந்து வசனம். பெத்தானியாவின் சகோதரிகள் வீட்டுக்கு இயேசு வருகிறார். மரியாள் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தாள் பணிவிடையில் திணறுகிறாள், தன்னைத் தனியே விட்டுவிட்டதாக முறையிடுகிறாள். பல காரியங்களுக்காகக் கவலைப்படுகிறாய், தேவையானது ஒன்றே என்று ஆண்டவர் சொல்கிறார். இதை அடுக்களையில் நிற்கும் பெண்களுக்கு விழுந்த கண்டனமாகவே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம்.

ஆனால் இதைச் சொன்னவர் யார்? பந்தியில் உட்காரவிருந்த விருந்தாளி. அவருக்காகத்தான் அத்தனை சமையலும். எனக்கு இத்தனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான் இருந்தது, அவர் அதைச் சொன்னார். தனக்கு வரவிருந்த விருந்தை விட்டுக்கொடுத்துவிட்டு மார்த்தாளை உட்காரச் சொன்னார். விருந்தை விட்டுக்கொடுக்காமல் அவளை மட்டும் உட்காரச் சொல்கிறவருக்கு அந்த வசனத்தை எடுக்க உரிமையில்லை.

நான் இருந்த ஒரு டிசம்பர் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முக்கால் மணி நேரம் மார்த்தாள் மேல் செய்தி. நல்ல பேச்சு, அழுத வயதான அம்மாக்களும் உண்டு. செய்தி நடக்கும்போதே பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துபோனார்கள், சோறு வடிக்க. கடைசி ஜெபத்தின்போது அப்பளம் பொரியும் வாசம் வந்தது. செய்தி கொடுத்தவர் வாழையிலையில் சோறு, கறிக்குழம்பு, அவியல், பாயசம் என்று நிறைவாகச் சாப்பிட்டார். ரசம் பிரமாதம் என்று மனதாரப் பாராட்டவும் செய்தார். ரசம் வைத்தவள் அவருடைய செய்தியின் பாதியைக் கேட்கவில்லை. போதகரம்மா எப்போது சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் மார்த்தாள் பகுதியைக் கேட்டிருக்க வேண்டியது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

மார்த்தாளைப் பற்றி லூக்கா சொல்வதோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமல்ல. யோவான் பதினோராம் அதிகாரத்தில் சகோதரன் லாசரு இறந்த துக்கத்தில், இயேசுவே தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவள் அந்த அடுக்களைக்காரிதான். பேதுருவின் அறிக்கைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது. அடுத்த அதிகாரத்தில் அதே பெத்தானியாவில் மறுபடி விருந்து, மறுபடியும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளை யாரும் கண்டிக்கவில்லை. சமையல் தியானத்துக்குப் பகை என்று ஆண்டவர் நினைத்திருந்தால் உயிர்த்தெழுந்தபின் திபேரியா கடற்கரையில் அவரே கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலை இழுத்து ஓய்ந்த ஆண்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருக்க மாட்டார். அந்தப் பகுதியை வைத்து ஆண்கள் சங்கத்தில் செய்தி கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது, அரைமணி நேரம் முன்னதாக எழுந்திருக்கும் யோசனை. இரவு பன்னிரண்டரைக்குப் படுத்தவளை நான்கரைக்குப் பதிலாக நான்கு மணிக்கு எழும்பச் சொல்வது இளைப்பாறுதலுக்கான வழியாம். இதற்கு ஆதாரமாக நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான பெண்ணைக் கூப்பிடுவார்கள். இருட்டோடே எழுந்திருக்கிறவள் அவள். எழுந்திருக்கிறாள், சரி. அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்று அதே வசனத்தில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறோம்? அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று அந்த அதிகாரம் ஊராருக்குக் கட்டளையிட்டு முடிகிறதே, அதை எந்தக் கூட்டத்தில் விளக்கினோம்? அதிகாலையில் எழும்பி, நேரங்கழித்துப் படுத்து, வருத்தத்தின் அப்பத்தைத் தின்பது விருதா என்றும், தமக்குப் பிரியமானவர்களுக்குக் கர்த்தர் நித்திரை அளிக்கிறார் என்றும் 127ஆம் சங்கீதம் சொல்கிறது. நித்திரையைக் கொடை என்கிறது வேதம். நாம் அதைச் சோம்பல் கணக்கில் எழுதுகிறோம்.

எலியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். போதும், சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடந்தவரிடம் தூதன் தியானம் பண்ணச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார். தூதன் மறுபடி வந்து மறுபடி சாப்பாடு கொடுத்தான். ஓரேபில் தேவனுடைய மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து. முதலில் சோறு, தூக்கம், மறுபடி சோறு. சமைத்துத் தந்ததும் வேறொருவர்.

சூசன்னா வெஸ்லியின் கதையையும் தாய்மார் கூட்டங்களில் தவறாமல் சொல்வார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார். வீட்டில் தனியிடம் இல்லாததால் இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா ஜெபிக்கிறாள் என்று பிள்ளைகள் அடங்கிவிடுவார்களாம். கேட்டுவிட்டு, நம்மால் ஏன் முடியவில்லை என்று நொந்துகொண்டு வீடு திரும்புகிறோம். அந்த அம்மையார் பெற்றது 19 பிள்ளைகள். ஏறத்தாழப் பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். போதகரான கணவர் 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்தார். அந்தத் துணி ஒரு தாயின் பக்தியைக் காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். கதவு சாத்திக்கொள்ள ஒரு மூலைகூட அவருக்குக் கிடைக்காத வீட்டையும் அதுவே காட்டுகிறது. துணியை முந்நூறு வருடமாகப் புகழ்கிறோம். வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஓய்வைப் பற்றி வேதத்தில் நேரடியான கட்டளையே இருக்கும்போது நாம் ஏன் உவமையும் கதையும் தேடிப் போக வேண்டும்? பத்துக் கட்டளைகளில் மிக நீளமானவற்றில் ஓய்வுநாள் கட்டளையும் ஒன்று. அது உள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஆள் ஆளாகச் சொல்லி, இவர்கள் ஒருவரும் அன்றைக்கு வேலை செய்யக் கூடாது என்கிறது. உன்னைப்போல் உன் வேலைக்காரியும் இளைப்பாறட்டும் என்று உபாகமம் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன்தானே. அந்தப் பட்டியலில் மனைவி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நம் வீடுகளிலோ அவள் பட்டியலில் இல்லாதவளாகவே நடத்தப்படுகிறாள்.

வேதம் இளைப்பாறுதலை வீட்டுத் தலைவன் மேல் கடமையாக வைக்கிறது. அது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று. மன்னா பொழிந்த நாட்களிலேயே அடுப்பைப் பற்றியும் ஏற்பாடு செய்தாயிற்று: ஆறாம் நாளில் இரட்டிப்பாய்ச் சேர்த்து, சுட வேண்டியதை அன்றே சுட்டு வையுங்கள். ஓய்வுநாளில் வீட்டில் தீ மூட்டாதே என்று பிறகு தனியாகவே ஒரு கட்டளை வந்தது. தீ இல்லாத நாளில் அடுக்களைக்காரிக்கு என்ன வேலை? நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவே என்று சிலர் எழுந்து நிற்பார்கள். தசமபாகம் எங்கே எழுதியிருக்கிறதாம்?

இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு, அதை எளிதாகத் தள்ள முடியாது. சூழ்நிலை மாறாவிட்டாலும் உள்ளே கிடைக்கும் சமாதானம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே கிறிஸ்தவம்? பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிவாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடவில்லையா?

பாடினார்கள். அப்படியொரு சமாதானம் உண்டு; நோயாளியின் கட்டிலருகே, கடன் வீட்டில், கைவிடப்பட்டவளின் இரவில் அது இருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டைத் தொழுமரத்தில் இருந்தவர்கள் பாடினார்கள். அவர்களைத் தொழுமரத்தில் மாட்டியவன், பாடுங்கள், சுதந்தரம் உள்ளத்தில்தான் இருக்கிறது என்று அவர்களுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அவன் விசுவாசியானதும் என்ன செய்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் வரிசையாகச் சொல்கிறது. அந்த இராத்திரியிலேயே அவர்களை அழைத்துப்போய்க் காயங்களைக் கழுவினான். பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவர்களுக்குச் சாப்பாடு வைத்தான். கட்டியவனின் மனந்திரும்புதல் தண்ணீரும் சோறுமாக வெளிப்பட்டது. தாய்மாருக்கு உள்ளான சமாதானத்தைப் போதிக்கிற குடும்பத் தலைவர்களும் போதகர்களும் இந்தக் கதையில் தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெண்களே பெண்களை விரட்டுவதும் உண்டு, மறுக்க முடியாது. "என்னட்டி, இந்த வருசம் முந்திரிக்கொத்து போடலியா? கடையில வாங்கிட்டியோ?" என்று மதில்மேல் எட்டிப்பார்த்துக் கேட்கும் குரல் ஆண்குரல் அல்ல. மாமியார் சுட்ட அளவுக்கு மருமகளும் சுட வேண்டும் என்ற கணக்கையும் ஆண்கள் வைப்பதில்லை. அதோடு, பலகாரம் சுடுவதில் சந்தோஷமும் இருக்கிறது. மதினியும் கொழுந்தியும் சுற்றி உட்கார்ந்து உருண்டை பிடித்துக்கொண்டே பேசும் பேச்சுக்காகவே டிசம்பருக்குக் காத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். தன் அச்சுமுறுக்கு தெருவிலேயே மொறுமொறுப்பானது என்ற பெருமையை யாரும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து சுட்டால் அது பண்டிகை. அரிசி ஊறப்போட்டதிலிருந்து எண்ணெய்ச் சட்டி கழுவிக் கவிழ்ப்பதுவரை ஒருத்தியே செய்யும்போது அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கடையில் வாங்கிவிடலாமே என்பது பாதித் தீர்வு. வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பண்டிகைக்கு இரண்டு நாள் கூடுதலாக வரச்சொல்லி வேலைக்கார அக்காவின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நாம் தியானத்தில் உட்கார்ந்தால் உபாகமத்தின் வேலைக்காரி மறுபடி வந்து நிற்பாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல வீடுகளில் அவளும் கிறிஸ்தவப் பெண், அவளுக்கும் அன்றைக்குப் பண்டிகை. 25ஆம் தேதி ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி பார்த்துவிட்டு வந்து சமைக்கும் நர்ஸ் அம்மாக்களைப் பற்றியும் சபை யோசித்ததாகத் தெரியவில்லை.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எல்லா மதத்தவரையும், சாதாரண நாட்களையும் சேர்த்து எடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 2019இல் 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் அது 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்ஸியும் கிரைண்டரும் கேஸும் வேலையைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், கைமாற்றிக் கொடுக்கவில்லை. அதுவும் வீட்டுவேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரிதான் இது. கை வைக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள், 2019இல் நாலில் மூன்று பேர் அப்படித்தான். பெரும்பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்மேல் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் அதைத் தொட மாட்டார்கள் என்று ஆண்டவர் வேதபாரகரையும் பரிசேயரையும் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல.

சபை நினைத்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் இல்லை. திருச்சபை நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் ஒருநாள் கூத்தல்ல. டிசம்பர் 25இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள், ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரும்வரை ஓடுகிறது. அதற்கு முந்திய அட்வெந்து நான்கு வாரமும் காத்திருப்புக்கானது. நாமோ காத்திருக்க வேண்டிய நாலு வாரத்தையும் ஓட்டத்தில் கழித்து, கொண்டாட வேண்டிய பன்னிரண்டு நாளில் படுத்துவிடுகிறோம். உறவினர் வீடுகளுக்குப் போவதையும் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதையும் அந்தப் பன்னிரண்டு நாளுக்கும் பரத்திவிட்டால் 24ஆம் தேதி இரவு எந்தத் தாயும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டியதில்லை. பஜனைக்குப் போகிறவர்கள் ஒரு பிளாஸ்க்கைக் கையோடு கொண்டுபோகலாம். விடிகாலை ஆராதனைக்குப் பிறகு கோயில் வளாகத்திலேயே ஆண்கள் காலைச் சாப்பாடு வைத்தால் ஒருத்தியாவது ஆசீர்வாதம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

போதகர்மாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த டிசம்பரில் மார்த்தாளைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றால் ஆண்கள் கூட்டத்தில் பேசுங்கள், உபாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் கூடவே வாசியுங்கள். தாய்மாருக்கு: வேதத்தைத் திறக்காமலே தூங்கிவிட்ட இரவுக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும்: அட்வெந்து முதல் ஞாயிறன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தப் பலகாரம் இந்த வருடம் வேண்டாம், பாகு யார் காய்ச்சுவது, உருண்டை யார் பிடிப்பது, 24ஆம் தேதி இரவு பாத்திரம் யார் கழுவுவது என்று பெயர்போட்டு எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.